பஞ்சு ஒன்று, எண் இரண்டு

கோவை நூற்பாலை ஒன்று குஜராத்திலிருந்து நூறு பேல் சங்கர்-6 பஞ்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்றவர் அனுப்பிய சோதனை அறிக்கையில் யூனிஃபார்மிட்டி 82, வலிமை 29. லாரி வந்து இறங்கியதும் ஆலையின் சொந்த லேபில் அதே பேல்களில் மாதிரி எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். யூனிஃபார்மிட்டி 47, வலிமை 23. பஞ்சை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று பர்ச்சேஸ் மேனேஜர் போனைக் கையில் எடுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு கருவிகளும் சரியாகத்தான் ஓடியிருக்கின்றன. ஒன்று எச்.வி.ஐ. (ஹை வால்யூம் இன்ஸ்ட்ருமென்ட்) மோடில் ஓடியது, மற்றது ஐ.சி.சி. (இன்டர்நேஷனல் காலிபிரேஷன் காட்டன்) மோடில் ஓடியது. அறிக்கையின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த மூன்றெழுத்தை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இது கற்பனைக் கணக்கு. எண்கள் மட்டும் இரண்டு மோடுகளிலும் வழக்கமாக வருகிறவை. தானியங்கி ஆய்வகங்களின் சொற்களைப் பற்றிப் பேச இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. ஆட்டோமேஷன், ரோபோ, காலிபிரேஷன், அக்யூரசி, த்ரூபுட் என்று இந்தத் துறையில் புழங்கும் சொற்களை இயந்திரத்தின் பாகப்பெயர்கள் போலவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இவற்றில் பாதிக்கு மேல் மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் பெயர்கள். ஒப்பந்தம் தெரியாமல் எண்ணை மட்டும் படித்தால் வம்புதான்.

கொங்கு வட்டாரத்தில் தானியங்கிக் கருவி சொல்லும் எண்ணை நம்பிப் பெரும்பணம் கைமாறும் இடம் பஞ்சு லேப். அவிநாசி சாலையில் இருக்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், ஊர்வழக்கில் சிட்ரா, 1956-இல் தொடங்கப்பட்டது. ஆலைகளின் நூலையும் பஞ்சையும் சோதித்துச் சொல்வது அதன் அன்றாட வேலைகளில் ஒன்று. வேளாண் பல்கலைக்கழகமும் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் மண்டலக் கிளையும் இதே ஊரில்தான். எம்.சி.யு.-5 இங்கே உருவான பருத்தி ரகம். 1974-இல் வெளிவந்த சுவின் என்ற மிக நீண்ட இழைப் பருத்தியும் அப்படியே. பிரீமியர், ஸ்டேடெக்ஸ் போன்ற நிறுவனங்கள் சோதனைக் கருவிகளையே இங்கு செய்து விற்றிருக்கின்றன. கருவியை வாங்குகிறவரும் செய்கிறவரும் அதன் எண்ணை வைத்துச் சண்டை போடுகிறவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பது அபூர்வம்.

எச்.வி.ஐ. லேபுக்குள் ஒரு சுற்று போய்வரலாம். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே 21 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். மாதிரிகள் துளை போட்ட தட்டுகளில் காற்றாட வைக்கப்பட்டிருக்கும். ஆபரேட்டர் ஏறக்குறைய பத்து கிராம் பஞ்சைத் தராசில் வைத்து, கொஞ்சம் பிய்த்தோ சேர்த்தோ எடை சரிசெய்து, ஒரு சிறிய உருளைக்குள் திணித்து மூடுவார். காற்று உள்ளே புகுந்து எவ்வளவு தடைபடுகிறது என்று கருவி அளக்கும். அதுதான் மைக்ரோனேர். இன்னொரு பிடி பஞ்சை ஓட்டைகள் உள்ள தகட்டின் மீது அழுத்தினால், ஓட்டை வழியே துருத்தும் இழைகளை ஒரு சீப்பு பற்றிக்கொள்ளும். சீப்பில் தொங்கும் இந்தக் கற்றையை லேபில் தாடி என்பார்கள். பிரஷ் அதை வாரிவிடும். பிறகு கருவி தாடியின் நீளவாக்கில் ஒளி பாய்ச்சி, எந்த இடத்தில் எவ்வளவு இழை மிச்சம் என்று பார்க்கும். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஹெர்டல் 1940-இல் வெளியிட்ட ஃபைப்ரோகிராம் முறை இதுவே. கடைசியில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இடைவெளியில் இரண்டு இடுக்கிகள் தாடியைப் பிடித்து இழுத்து அறுக்கும். மற்றொரு பிடி பஞ்சு கண்ணாடி ஜன்னலில் அழுத்தப்பட்டு நிறமும் தூசும் படம் பிடிக்கப்படும். முன்பு பேயர் சார்ட்டர் சீப்புகளில் இழை இழையாகப் பிரித்து நீளவாரியாக அடுக்கி வரைபடம் போட, ஒரு மாதிரிக்கே மணிக்கணக்கில் ஆகும். இங்கே ஒரு நிமிடம் பிடித்தால் அதிகம்.

இதில் தானாக நடப்பது எது? சீப்பு நகர்வதும் ஒளி அளப்பதும் அறுப்பதும் கணக்குப் போடுவதும். பேலின் எந்தப் பக்கத்திலிருந்து எந்த அடுக்கிலிருந்து பிடி எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது கை. நூறு பேலில் எத்தனை பேலைப் பிரித்து மாதிரி எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது மேனேஜர். ஆட்டோமேட்டிக் என்ற சொல் கருவியின் மேல்மூடியில் தொடங்கி அச்சுப்பொறியில் முடிகிறது. அதற்கு முன்னால் நடந்தது அறிக்கையில் ஏறுவதில்லை.

இப்போது மோடுக்கு வருவோம். பழைய முறையில், அதாவது ஐ.சி.சி. மோடில், பஞ்சின் நீளத்தை 2.5 சதவீத ஸ்பேன் லெங்த் என்று சொல்வார்கள். சீப்பில் சிக்கிய இழைகளில் 2.5 சதவீதம் மட்டும் எந்தத் தூரத்தைத் தாண்டி நீள்கின்றனவோ அந்தத் தூரம். அதேபோல 50 சதவீத ஸ்பேன் லெங்த் ஒன்று உண்டு. இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் யூனிஃபார்மிட்டி ரேஷியோ. அது நாற்பத்தைந்து, ஐம்பதுக்குள் நிற்கும். எச்.வி.ஐ. மோடிலோ நீளம் என்பது நீளமான பாதி இழைகளின் சராசரி. எல்லா இழைகளின் சராசரி நீளத்தை அந்த எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் யூனிஃபார்மிட்டி இண்டெக்ஸ். அது எண்பதைச் சுற்றி வரும். ரேஷியோ, இண்டெக்ஸ் என்ற பின்னொட்டை விழுங்கிவிட்டு இரண்டையும் யூனிஃபார்மிட்டி என்றே அழைப்பது நம் வழக்கம். 47-க்கும் 82-க்கும் நடுவே இருக்கும் பள்ளம் விழுங்கப்பட்ட அந்தப் பின்னொட்டுதான்.

வலிமையில் நடப்பது இன்னும் நுட்பமானது. இடுக்கி அறுப்பது ஒரே மாதிரிதான். ஆனால் அறுக்கத் தேவைப்பட்ட விசையை எண்ணாக மாற்றும்போது, முன்கூட்டியே மதிப்பு குறிக்கப்பட்ட ஒரு அடிப்படைப் பருத்தியை வைத்துக் கருவியைச் சீர்செய்ய வேண்டும். காலிபிரேஷன் என்பது இதுதான். இரண்டு மோடுகளுக்கும் அடிப்படைப் பருத்தி வேறு, அவற்றுக்குக் குறித்திருக்கும் மதிப்பின் மட்டமும் வேறு. எச்.வி.ஐ. மோடில் எண் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும். பஞ்சு திடீரென்று வலுவாகிவிடவில்லை.

அமெரிக்க வேளாண் துறை 1991 முதல் தன் நாட்டுப் பருத்தி முழுவதையும் எச்.வி.ஐ.யில் தரம் பிரிக்கத் தொடங்கியது. உலக வணிகம் அந்தச் சொற்களையே பேசுகிறது. இந்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிப்போ இன்றும் ஸ்பேன் லெங்த்தில் பேசுகிறது: நடுத்தர இழை என்றால் 24.5 முதல் 25.5 மில்லிமீட்டர், நீண்ட இழை என்றால் 29.5 முதல் 30.5. விவசாயிக்கு ஒரு மொழி, ஏற்றுமதி செய்கிறவருக்கு ஒரு மொழி. நடுவில் நிற்கும் கோவை லேப் டெக்னீஷியன் இரண்டையும் பேசியாக வேண்டும்.

அறிக்கையில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. மைக்ரோனேர், நீளம், வலிமை, நீட்சி, நிறம் ஆகியவை கருவி தொட்டு அளந்தவை. அதே வரிசையில், அதே எழுத்தில், அதே தசமப் புள்ளியோடு மெச்சூரிட்டி, ஷார்ட் ஃபைபர் இண்டெக்ஸ், எஸ்.சி.ஐ. என்ற கட்டங்களும் இருக்கும். இவை அளந்தவை அல்ல, கணக்கிட்டவை. எச்.வி.ஐ. தரும் மெச்சூரிட்டி எண் மைக்ரோனேரையும் வலிமையையும் நீட்சியையும் ஒரு சூத்திரத்தில் போட்டு எடுத்தது. ஸ்பின்னிங் கன்சிஸ்டன்சி இண்டெக்ஸ் எனப்படும் எஸ்.சி.ஐ. ஆறு அளவுகளைக் கூட்டிக் கழித்து வரும் ஒற்றை எண். பேல்களை அடுக்கி மிக்சிங் போட அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூத்திரம் அமெரிக்கப் பருத்தியை அடிப்படையாக வைத்து உருவானது. சங்கர்-6, டி.சி.எச்.-32 போன்ற நம் ரகங்களுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அளந்த எண்ணும் ஊகித்த எண்ணும் ஒரே உடுப்பில் வந்து நின்றால் வாசிப்பவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

மைக்ரோனேர் தனிக்கதை. அளந்த எண்தான், ஆனால் அளந்தது எதை? காற்றுத் தடையை. இழை மெலிதாக இருந்தாலும் தடை கூடும், இழை முற்றாமல் தட்டையாக இருந்தாலும் தடை கூடும். மெலிந்து முற்றிய இழையும் தடித்து முற்றாத இழையும் ஒரே மைக்ரோனேரைக் காட்ட முடியும். நூற்கும்வரை இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். திருப்பூர் சாயப்பட்டறையில் துணி வெளியே வந்ததும் தெரியும். முற்றாத இழை சாயத்தைப் பிடிக்காது. கருநீலத் துணியில் வெள்ளைப் புள்ளிகளாக அது உட்கார்ந்திருக்கும். அப்போது சாயப்பட்டறைக்காரர் நிட்டிங்காரரைக் கேட்பார், அவர் ஆலையைக் கேட்பார், ஆலை லேபைக் கேட்கும். லேப் 4.0 என்று அச்சான காகிதத்தை எடுத்துக் காட்டும். காகிதத்தில் பிழையே இருக்காது.

அக்யூரசி, பிரிசிஷன் இரண்டுக்கும் நாம் துல்லியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆய்வகத்தில் இந்த இரண்டும் வேறு வேறு குணங்கள். ஒரு திரவம் எடுக்கும் ரோபோவிடம் 100 மைக்ரோலிட்டர் கேட்கிறோம். அது ஒவ்வொரு முறையும் 97 தருகிறது. முதல் குழியிலும் 97, தொண்ணூற்றாறாவது குழியிலும் 97. பிரிசிஷன் அபாரம், உண்மை மதிப்புக்கு மட்டும் மூன்று குறைவு. மனிதக் கை சில சமயம் 95, சில சமயம் 104 என்று அலையும், சராசரி நூறுக்குப் பக்கத்தில் வரும். தானியங்கியின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தவறினாலும் ஒழுங்காகத் தவறுவதால் சந்தேகம் எழாது. ரோபோக் கை விற்கிறவர்களின் விளம்பரத்தில் பிளஸ் மைனஸ் 0.02 மில்லிமீட்டர் என்று பெரிதாக இருப்பது பெரும்பாலும் ரிப்பீட்டபிலிட்டி, அதாவது அதே இடத்துக்கு மறுபடி மறுபடி வந்து சேரும் திறன். சொன்ன இடத்துக்கே வந்து சேருமா என்பது வேறு கேள்வி. ஐ.எஸ்.ஓ. 9283 இந்த இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்கிறது. பீளமேட்டிலும் கணபதியிலும் லேத் ஓட்டிய பழைய மெக்கானிக்குகளிடம் இதை விளக்கத் தேவையில்லை. ஒரே அளவில் நூறு துண்டு கடைந்து, நூறும் அரை மில்லிமீட்டர் குறைவாக இருந்து ரிஜெக்ட் ஆன அனுபவம் அந்தத் தொழிலில் பலருக்கும் உண்டு.

ரோபோ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 8373 தரும் வரையறைப்படி தொழிலக ரோபோ என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகளில் இயங்க வேண்டும், மறுபடி நிரலமைக்கக் கூடியதாக இருக்க வேண்டும், பல வேலைக்கும் உதவ வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் நூல் அறுந்தால் தண்டவாளத்தில் ஓடிவந்து ஒட்டிவிட்டுப் போகும் வண்டியை எல்லாரும் ரோபோ என்றே சொல்கிறார்கள், இயந்திரம் செய்யும் நிறுவனங்களும் அப்படி அழைப்பதுண்டு. வரையறையின் கறாரான அளவுகோலில் அது செய்வது ஒரே வேலை. ரிங் ஃப்ரேமில் ஆயிரக்கணக்கான பாபின்களை ஒரே வீச்சில் கழற்றி மாட்டும் ஆட்டோ டாஃபரை யாரும் ரோபோ என்பதில்லை. எந்த வண்டி நம் கண்முன் நகர்ந்து வந்து வேலை செய்கிறதோ அதற்கு மரியாதையான பெயர். இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. டெண்டரில் ரோபோட்டிக் என்று எழுதிக் கூடுதல் விலை கேட்கும்போது மட்டும் வரையறையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆஸ்பத்திரி லேபுகளுக்கு இந்தச் சொற்கள் வேறு வழியாக வந்தன. லெனார்ட் ஸ்கெக்ஸ் வடிவமைத்த ஆட்டோஅனலைசர் 1957-இல் சந்தைக்கு வந்தது. ஜப்பானின் கோச்சி மருத்துவக் கல்லூரியில் (நம் பக்கத்துக் கொச்சி அல்ல) மசாஹிதே சசாக்கி 1980-களின் தொடக்கத்தில் கன்வேயர் பெல்ட்டும் ரோபோக் கைகளும் கொண்ட முழுத் தானியங்கி ஆய்வகத்தை அமைத்துக் காட்டினார். டோட்டல் லேப் ஆட்டோமேஷன் என்று இன்று விற்கப்படுவதற்கு அது முன்னோடி. இங்கே சிக்கலான சொல் த்ரூபுட். மணிக்கு 1200 டெஸ்ட் என்று கருவியின் குறிப்பேடு சொல்லும். உள்ளே பார்த்தால் ஒளியால் அளக்கும் சோதனைகள் 800, மீதி சோடியம், பொட்டாசியம், குளோரைடு. ஒரே சொட்டு ரத்தத்தில் ஒரே நேரத்தில் வரும் இந்த மூன்றும் மூன்று டெஸ்டாக எண்ணப்படும். சோடியம் கேட்கும் நோயாளிகள் குறைவாக வரும் ஒரு சின்ன ஊர் லேபுக்கு அந்த 1200 ஒருநாளும் கிடைக்காது. வாக்-அவே என்பதும் அப்படி. மாதிரியை ஏற்றிவிட்டு நகர்ந்து போகலாம் என்று பொருள், உண்மைதான். ரத்தக் குழாயில் நுண்ணிய உறைவு இருந்து ஊசியை அடைத்தால் யாராவது ஓடிவர வேண்டும், அதுவும் உண்மை.

லேப் என்றாலே வெள்ளைக் கோட்டு என்று நினைக்க வேண்டாம். கிராமத்துப் பால் சொசைட்டியில் விடிகாலையில் ஒரு கப் பாலை உறிஞ்சி, கொழுப்பு இத்தனை, எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்) இத்தனை என்று துண்டுச் சீட்டு தரும் பெட்டியும் தானியங்கி ஆய்வகம்தான். ஒலியலையால் இயங்கும் பெட்டி கொழுப்பைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பாலுக்குள் ஒலி போகும் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. பசும்பாலுக்கு ஒரு காலிபிரேஷன், எருமைப் பாலுக்கு ஒன்று. எந்தப் பால் வருகிறதோ அதற்கான பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். பருத்தியின் மோடு இங்கே பட்டனாக வந்திருக்கிறது. அவ்வப்போது கெர்பர் முறையில், அமிலம் ஊற்றிச் சுழற்றி, கொழுப்பை உண்மையிலேயே பிரித்தெடுத்து ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் பெட்டியின் எண்ணுக்கு வேர் கிடையாது.

பஞ்சு லேபுகளுக்கும் அப்படி ஒரு ஒப்பீட்டு முறை உண்டு. சர்வதேசப் பருத்தி ஆலோசனைக் குழுவின் முயற்சியில் உருவான ரவுண்ட் டிரையல் அது. ஒரே பருத்திகளின் மாதிரிகளை உலகெங்கும் உள்ள லேபுகளுக்கு அனுப்பி, வெவ்வேறு நாட்களில் சோதித்து அனுப்பச் சொல்வார்கள். ஒரே லேபுக்குள் வரும் வேறுபாட்டைவிட லேபுக்கு லேப் வரும் வேறுபாடே பெரிது என்பதைத்தான் இத்தகைய சோதனைகள் காட்டுகின்றன. கருவி ஒரே கம்பெனி, மோடு ஒன்று, காலிபிரேஷன் பருத்தியும் ஒன்று என்றாலும் அறை வேறு. ஈரம் ஏறினால் பருத்தி இழையின் வலிமையும் ஏறும். ஏ.சி. பழுதான நாளில் 65 சதவீதம் 50 ஆனால் பஞ்சு வலிமை குறைந்தது போலத் தெரியும். மின்வெட்டுக்குப் பின் கருவி உடனே ஓடத் தயார். அறையும் மாதிரியும் பழைய ஈரத்துக்குத் திரும்ப மணிக்கணக்கில் ஆகும். கருவியின் திரையில் ரெடி என்று எரியும் பச்சை விளக்குக்கு அறையைப் பற்றி எதுவும் தெரியாது.

கோவைக்குத் தமிழில் அறிவியல் சொல்லும் மரபு ஒன்று உண்டு. ஜி.ஆர். தாமோதரன் பீளமேட்டிலிருந்து நடத்திய கலைக்கதிர் இதழ் பல பத்தாண்டுகளாகப் பொறியியலையும் இயற்பியலையும் தமிழில் பேசியது. அந்த மரபில் நின்று இந்தச் சொற்களுக்கெல்லாம் தூய தமிழ்ப் பெயர் வைக்க வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. இன்று ஆலைகளில் தேனிப் பெண்ணும் ஒடிசாப் பையனும் அடுத்தடுத்த இயந்திரத்தில் நிற்கிறார்கள். பாபின், டாஃபிங், சிம்ப்ளெக்ஸ், காலிபிரேஷன் என்ற சொற்கள்தான் இருவருக்கும் பொதுமொழி. அவை இருந்துவிட்டுப் போகட்டும். வேண்டியது விளக்கம். யூனிஃபார்மிட்டி இண்டெக்ஸ் என்றால் எதை எதால் வகுத்தது என்பது தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.

சிட்ராவும் தென்னிந்திய பஞ்சாலைகள் சங்கமும் சேர்ந்து இதைச் செய்யலாம். நாற்பது பக்கக் கைநூல் போதும். அதோடு ஆலைகளுக்கு ஒரு வேண்டுகோள்: சோதனை அறிக்கையின் தலைப்பிலேயே மோடு, காலிபிரேஷன் பருத்தி, அறையின் வெப்பமும் ஈரமும் ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கணக்கிட்ட கட்டங்களுக்கு மேல் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். பஞ்சு வாங்குகிறவர்கள் அந்த மூன்று விவரம் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.